அண்ணன் மறந்த துரும்பு

சீட்டுக்கட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுகிற வீடு லிங்கநகரிலேயே எங்களது ஒன்றுதான். அண்ணனுக்கு இரத்தப் புற்றுநோய். கொழும்பில் வைத்து என் குருத்தணுக்களை எடுத்து அவருக்கு ஏற்றியிருந்தார்கள். எதிர்ப்புச் சக்தி திரும்பும்வரை கிருமி அண்டக்கூடாது. அதனால் நானும் அண்ணியும் பிளாஸ்டிக் சீட்டுகளைக் கழுவித் துவாயில் பரப்பிக் காயவைப்போம். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு மூவருமாக முந்நூற்றுநாலு என்கிற சீட்டாட்டம் ஆடுவோம்.

நான் அலாப்புவேன். கள்ள ஆட்டம்தான், வேறென்ன? கையில் ஆகப் பெரிய சீட்டான ஜாக் இருந்தால் கவசத்துக்கு மேலாக மூக்கைச் சொறிந்து அண்ணிக்குக் காட்டுவேன். அண்ணன் ஒவ்வொரு தடவையும் பிடித்துவிடுவார்.

ஒரு பின்னேரம் கவசம் கிழியச் சொறிந்தும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. தானே வைத்த துரும்பு, அந்த வெட்டுச்சீட்டு, எதுவென்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

“களைப்பாக்கும். படுக்கட்டும்,” என்றார் அண்ணி.

“விசர்க்கதை கதைக்காதேங்கோ அண்ணி. காய்ச்சலோட கிடக்கேக்கையும் என்னைப் பிடிச்சவர்.”

கொழும்பு வைத்தியரிடம் தொலைபேசியில் சீட்டுக் கதையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. “இப்பவே வெளிக்கிடுங்கோ,” என்றார்.

கொழும்புக்குப் பிடித்த வான் கப்பல்துறை ஊரைத் தாண்டும்போது அண்ணன் என்னைப் பார்த்து, “நீங்கள் நர்ஸோ, மிஸ்?” என்று கேட்டார்.

முள்ளந்தண்டில் ஊசி போட்டு எடுத்த நீரில் விடை கிடைத்தது. சின்ன வயதிலிருந்தே உடம்பில் உறங்கிக்கிடந்த வைரஸ், காவலில்லாத நேரம் பார்த்து மூளைக்கு ஏறியிருந்தது. நேரத்துக்கு வந்துவிட்டோமாம். ஆனால் ஞாபகம் முழுதாகத் திரும்புமா என்று சொல்ல ஏலாதாம்.

மருந்து ஏற ஏற, முதலில் அண்ணியை அடையாளம் கண்டார். பிறகு வீட்டைப் பற்றிக் கேட்டார். என்னை மட்டும் மிஸ் என்றே அழைத்தார். என் இரத்தம் ஓடுகிற உடம்புக்கு என்னையே தெரியவில்லையென்றால் கோபம் வராதா? அழுகையும் வந்தது.

ஒருநாள் வார்டிலேயே சீட்டைப் போட்டேன். அண்ணன் மெதுவாக அடுக்கிப் பிடித்தார். எனக்கு ஜாக் வந்தது. கை பழக்கத்தில் மூக்குக்குப் போனது.

அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

“எடி அலாப்பி, மூக்கை விடு. உனக்கு இன்னும் வெட்கம் வரேல்லையோ?”

அண்ணியின் கையிலிருந்த சீட்டெல்லாம் நிலத்தில் கொட்டின. நான் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் குனிந்து பொறுக்கி, கலைக்கச் சொல்லி அண்ணனிடம் நீட்டினேன். அண்ணன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“நிலத்தில விழுந்ததெல்லே. கழுவிப்போட்டுத் தா.”