தாடைக்கும் தோளுக்கும் நடுவே

என் இடது தாடைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு கறுப்புத் தழும்பு உண்டு. வயலினில் தாடை வைக்கிற கட்டை தேய்த்துத் தேய்த்து வந்தது. வாசிக்கிறவர்கள் பலருக்கும் இது இருக்கும். ஆனால் திற்பரப்புப் பக்கம் எங்கள் ஊரில் வயலின் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான் என்பதால் இந்த விளக்கம் யாருக்கும் தெரியாது. கிறிஸ்துமஸ் நெருங்கி நான் பயிற்சியைக் கூட்டினால் தழும்பு யாரோ கடித்தது போலச் சிவந்துவிடும். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் ஆசிரியைகள் முதலில் என் கழுத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் நரையைப் பார்ப்பார்கள், பிறகு ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்ப்பார்கள். ஒரு டிசம்பரில் டீக்கடையில் என் வீட்டுக்காரருக்குத் திடீரென்று மரியாதை கூடிவிட்டது. காரணம் தெரியாமலே அவர் இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

தழும்பைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வலிதான் பெரும்பாடு. எங்கள் சர்ச் கொயரில் பதினெட்டு வருஷமாக வாசிக்கிறேன். மூன்றாவது பாட்டைத் தாண்டினால் கழுத்தில் ஒரு நரம்பு பிடிக்கும். ஐந்தாவது பாட்டில் இடது கைச் சுண்டுவிரல் மரத்துப்போகும். போன கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒத்திகையில் பாட்டின் நடுவே வயலினை இறக்கிவிட்டேன். கொயரின் தலைவி ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ். என்னை ஒட்டி நின்று, பெண்களில் தணிந்த குரலான ஆல்டோ பாடுகிறவர். அவர் ரொம்பக் கனிவாகச் சொன்னார்.

"முடியல்லன்னா விட்டிருங்க டீச்சர். கீபோர்டுலயே வயலின் சத்தம் உண்டுல்லா."

கீபோர்டு வாசிப்பவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். கேட்டதுதான் தாமதம், ஒரு பொத்தானை அழுத்திக் காட்டினார். ஒரே நேரத்தில் நாற்பது வயலின்கள் கிளம்பின. ஒன்றுக்கும் கழுத்து கிடையாது, வலியும் கிடையாது. எனக்குக் கோபம் வந்தால் முதலில் அழுகைதான் வரும், வசவு மறுநாள்தான் வரும். அன்று வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். அந்தப் பொத்தானுக்கு என் இடத்தைக் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

வைத்தியம் தொடங்கியது. தோர்த்துத் துண்டை நான்காக மடித்துத் தோளில் போட்டேன், வழுக்கியது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை ரப்பர் பேண்டால் வயலினுக்கு அடியில் கட்டினேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் புது ஸ்பாஞ்சுக்குப் பதிலாகத் தொட்டியில் கிடந்ததை எடுத்துவிட்டதால் ஆராதனை முழுக்க என் தோள் நனைந்திருந்தது. துபாயில் இருக்கும் கொழுந்தன் நிஜமான தோள்தாங்கியே வாங்கி அனுப்பினார். வளைந்த கட்டை, இரண்டு பக்கமும் கொக்கிக் கால், அருமையான சாமான். பாஸ்டர் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது கொக்கி நழுவி, டப்பென்று தரையில் விழுந்து, இரண்டாவது பெஞ்சு வரை போய்விட்டது.

கோட்டாறில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். சின்னப் பெண், கெட்டிக்காரி. வயலினோடு வரச் சொல்லி, தன் முன்னால் வாசிக்கச் சொன்னாள். அரை மணி நேரம் வாசித்தேன்.

"இப்ப வலிக்குதா?"

"இல்ல."

"வீட்டுல?"

"வீட்டுலயும் அவ்வளவா இல்ல. சர்ச்சிலதான் வலிக்கும்."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "மனசுல ஏதாவது பாரம் இருக்கா ஆன்ட்டி?" என்று கேட்டாள். என் கழுத்து நீளமானது, அதனால் தோளுக்கும் தாடைக்கும் நடுவே உள்ள இடைவெளியைச் சரியாக நிரப்ப வேண்டும் என்றும் சொன்னாள்.

என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டம் இருக்கிறது, இப்போது அவரே பால் வெட்டுகிறார். நான் பயிற்சி செய்ய ஆரம்பித்தால் அவருக்கு ஏதாவது ஒரு மரத்தைப் பார்க்க வேண்டிய அவசரம் வந்துவிடும். அப்படிப்பட்டவர், நான் சொன்ன இடைவெளிக் கதையைக் கேட்டுவிட்டு எழுந்து போய், அடுக்களையில் இருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தார்.

"நேர நில்லு ஏட்டி. தலைய அசைக்காத."

தீப்பெட்டியை என் தோள் எலும்பின்மேல் நிறுத்தி அளந்தார். குட்டையாக இருந்தது. மேலே இரண்டு பிஸ்கட் அடுக்கினார். அளவு சரியாக வந்தது. அயினிக் கட்டையில் ஒரு துண்டை மூன்று நாள் செதுக்கி, தோளில் படுகிற பக்கத்தில் சொந்தத் தோட்டத்துப் பாலை உறையவைத்த ரப்பர் ஷீட்டையே வெட்டி நான்கு அடுக்காக ஒட்டினார். தோளில் வைத்தால் அப்படியே உட்கார்ந்துகொண்டது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவர் என் வாசிப்புக்காகச் செய்த முதல் காரியம்.

இங்கேதான் எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு நடந்தது. பச்சை ரப்பர் ஷீட்டுக்கு ஒரு நாற்றம் உண்டு. புளித்த பாலும் செத்த மீனும் சேர்ந்தது மாதிரி இருக்கும் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் துணி காயும் கொடியிலேயே ஷீட்டும் காயும். அதனால் எங்கள் இரண்டு பேர் மூக்கிலும் அப்படி ஒரு நாற்றமே கிடையாது.

கிறிஸ்துமஸ் கீத ஆராதனை அன்று சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றியதும், சுடர் அணையக் கூடாதென்று மின்விசிறிகளை நிறுத்தினார்கள். கூட்டம் நிரம்பி வழிந்தது. என் தோள் சூடேறச் சூடேற ரப்பரும் சூடேறியது. முதல் பாட்டில் நர்ஸ் மூக்கைச் சுருக்கினார். இரண்டாவது பாட்டில் செருப்பைத் திருப்பிப் பார்த்தார். போஸ்ட்மாஸ்டர் கீபோர்டுக்கு அடியில் குனிந்து எலி தேடினார். மூன்றாவது பாட்டு முடிவதற்குள் ஆல்டோக்கள் ஒரு பக்கமும் உச்சக் குரல் சோப்ரானோக்கள் ஒரு பக்கமும் பாடிக்கொண்டே ஒதுங்கிவிட்டார்கள். நடுவில் நான் மட்டும் நின்றேன்.

வில் நுனி வரை ஓடியது. இடது முழங்கை தானாக முன்னால் வந்தது. ஒன்பது பாட்டு வாசித்தேன், சுண்டுவிரல் கடைசி வரை உயிரோடு இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் வாசித்ததே இல்லை.

வாசலில் நர்ஸ் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா வாசிச்சிய டீச்சர். ஆனா எங்கயோ எலி செத்துக் கிடக்கு." பெட்டியை மூடும்போதுதான் அந்த எலி என் தோள்தாங்கியின் ரப்பர் என்று எனக்கு உறைத்தது. ஸ்கூட்டரில் போகும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, தோள்தாங்கியை வாங்கி, கண்ணை மூடி நீளமாக மோந்து பார்த்தார்.

"ஒண்ணும் மணக்கல்லியே."

இருந்தாலும் மனுஷன் ரோஷக்காரர். மறுநாளே ரப்பரைப் பிய்த்துவிட்டு, அதே கனத்துக்குப் புது ஹவாய்ச் செருப்பை அறுத்து ஒட்டினார். நீல வார் போட்ட ஓட்டையோடு என் தோளில் ஒரு செருப்பு. வாசமில்லை, அளவும் மாறவில்லை.

புத்தாண்டு ஆராதனைக்கான ஒத்திகைக்கு அதைத்தான் கொண்டுபோனேன். நாற்றம் இல்லாததால் எல்லோரும் பழைய இடத்துக்கு வந்துவிட்டார்கள். வலது பக்கம் தூண், இடது பக்கம் நர்ஸ், பின்னால் பெஞ்சு. வயலின் நுனி நர்ஸின் கொண்டையில் இடிக்காமல் இருக்க இடது முழங்கையை வயிற்றோடு ஒடுக்கினேன், வில் தூணில் படாமல் இருக்கத் தலையைச் சாய்த்தேன். மூன்றாவது பாட்டில் நரம்பு பிடித்தது. கட்டையின் அளவு அதேதான், எல்லோரும் ஒதுங்கி நின்ற அன்று மட்டும் வலிக்கவில்லை. வயலினை இறக்கினேன். நான் விட்ட இடத்தில் இருந்து போஸ்ட்மாஸ்டரின் நாற்பது வயலின்கள் பாட்டைத் தொடர்ந்தன.

இந்த முறை அழுகைக்கு முன்னால் வாய் திறந்துகொண்டது.

"அத நிறுத்துங்க சார். எனக்கு எடம் வேணும்."

எல்லோரும் திரும்பினார்கள். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ரெண்டு கையையும் விரிக்க எடம் வேணும். உங்கள இடிச்சிரக் கூடாதுன்னு நான் இத்தன நாளும் கூனிக்கிட்டு வாசிச்சேன்."

நர்ஸ் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அய்யோ டீச்சர், வயலின்னா அப்பிடிக் கோணிக்கிட்டுத்தான் வாசிக்கணும்னுல்லா நாங்க நெனச்சோம்! வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

அவரும் போஸ்ட்மாஸ்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து பெஞ்சைப் பின்னால் இழுத்துப் போட்டார்கள், நான் தூணையும் நர்ஸையும் விட்டு ஒரு எட்டு பின்னால் தள்ளி நின்று இரண்டு கையையும் விரித்தேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பதினெட்டு வருஷமாக நான் கழுத்துக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.