கழுத்துக்குக் கீழே

ஜீவிதாவின் காரியத்துக்கு இன்னும் மூன்றே நாள். மாலை போட ஒரு படம் வேண்டும். உதயகுமார் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதினோராயிரம் படங்கள். அத்தனையிலும் அவன் பெண்டாட்டி ஜீவிதாதான். ஒன்றில்கூட முகம் இல்லை.

பட்டுக் கடைகளுக்குச் சேலைப் படம் எடுத்துக் கொடுப்பது அவன் தொழில். "மூஞ்சி வேணாம்பா. மூஞ்சி இருந்தா முந்தானைய எவன் பார்ப்பான்?" என்று முதல் கடை முதலாளி சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டான். கட்டி நிற்க வீட்டிலேயே ஆள் இருந்தது. பிற்பாடு படத்தில் தலையை வெட்டுகிற வேலைகூட வைத்துக்கொள்ளவில்லை; எடுக்கும்போதே கேமராவைத் தாழ்த்திவிடுவான்.

"இன்னாய்யா, பன்னெண்டு வருசமா என்னைத் தலையில்லாம நிறுத்திக்கினு இருக்கிற?" என்பாள், கொசுவத்தை நீவிக்கொண்டே.

"பவுடர் செலவு மிச்சம்தானே."

"சோறு வடிக்கச்சொல்ல மட்டும் தலை வேணும் உனக்கு."

தலை வரைக்கும் எடுத்த படங்களும் உண்டு. பட்டின் நிறம் மாறித் தெரிந்தால் சேலை திரும்பி வந்துவிடும். அதனால் ஒவ்வொரு சேலைக்கும் முதலில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடிக்கச் சொல்லி வெளிச்சம் பார்ப்பான். சேலையை மறைக்கக் கூடாதே என்று அவள் தாளை முகத்துக்கு நேரே பிடிப்பாள். அவற்றையெல்லாம் திறந்து பார்த்தான். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து. மேலே வெள்ளைத்தாள், ஓரத்தில் நாலு விரல். அடுத்ததிலும் வெள்ளைத்தாள், நாலு விரல்.

கல்யாண ஆல்பம் வேகவதி ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த வருஷமே கூழாகிப்போனது. அவள் வைத்திருந்தது பட்டன் போன். மிஞ்சியது ஆதார் அட்டை.

பிரிண்ட் கடை பாசில் அதைப் பெரிதாக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "அக்கா மாதிரியே இல்லையேண்ணா. கன்னத்துல மச்சம் ஒண்ணு இருக்கும்ல, இதுல அழிஞ்சிபோய்க்கீது. நான் வச்சித் தரேன். எந்தப் பக்கம்?"

உதயகுமாரின் விரல் தன் இடது கன்னத்துக்குப் போனது, பிறகு வலதுக்கு. டெங்கு காய்ச்சலில் அவள் கிடந்த நாலு நாளும் ஈரத்துணியால் அந்தக் கன்னங்களைத் துடைத்துவிட்டவன் அவன்தான்.

"அக்காவோட அண்ணனுக்கு ஒரு போன் போடேண்ணா."

"இன்னான்னுடா கேப்பேன்?"

பாசில் இடது கன்னத்தில் ஒரு புள்ளி வைத்தான். ஜீவிதா வந்துவிட்டாள். பாசில் புள்ளியை வலது கன்னத்துக்கு நகர்த்தினான்.

அதுவும் ஜீவிதாவாகத்தான் இருந்தது.

"எதுண்ணா?"

மறுபடி இடது. மறுபடி வலது. உதயகுமார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எடுத்துடு பாசிலு."

புள்ளி போனதும் அங்கே யாரோ ஒருத்தி இருந்தாள். அவளைத்தான் சட்டம் போட்டு வாங்கிக்கொண்டு போனான்.