கயிறு பிடித்தவர்

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன பிறகு, ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் இருந்த ஒரு சிறு குதிரைப் பண்ணைக்கு நான் பொறுப்பாக இருந்தேன். அங்கே சம்பளம் இல்லாமல் உதவிக்கு வந்துபோனவர் ஒரு பெரியவர். மெலிந்து கறுத்த உடம்பு. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய சாரம். சல்லிக் கிராமத்தில் மீன்பிடித்தவர் என்பதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. குதிரையைத் தொடுமுன் இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.

ஒரு மாரியில் குதிரைகளுக்குத் தொற்றுநோய் வந்தது. செத்தது போக மிஞ்சிய ஆறு குதிரைகளையும் சுட்டுவிடத்தான் வேண்டும் என்று மிருக வைத்தியர் துவக்கோடு வந்தார். வேலைக்காரர்கள் விலகிப் போய்விட்டார்கள்.

"ஆராவது கயிறு பிடிக்க வேணும்" என்று வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் வாசல் படலைப் பக்கம் பின்வாங்கினேன்.

"தம்பிக்கு ஏலாது, ஐயா. நான் பிடிக்கிறன்" என்றார் பெரியவர். "ஒவ்வொண்டாக் கொண்டு வாறன். மற்றதுகள் பார்க்கக்கூடாது."

ஒவ்வொன்றின் காதிலும் ஏதோ சொல்லியபடி கொட்டிலுக்குப் பின்னால் நடத்திப் போனார். நான் படலையடியில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். அப்படியும் ஆறு வெடிச் சத்தங்களும் கேட்டன.

திரும்பி வந்தவரிடம், "காதில என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"மேயப் போறம் எண்டு சொன்னனான், தம்பி. நம்பி வந்ததுகள்."

பிறகு அவர் பண்ணைப் பக்கம் வரவில்லை. ஒருநாள் சந்தையில் கண்டு கூப்பிட்டேன். என்னைப் பார்த்துவிட்டு, மறுபக்கம் திரும்பி நடந்தார். என்மேல் கோபமா, வெட்கமா, இன்றும் தெரியவில்லை. சம்பளம் வாங்கியவன் நான். அந்த ஆறு பொய்களையும் சொல்லியிருக்க வேண்டியவன் நான்தான்.