தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்த குற்றம்

தண்ணீர் கொடுத்தது குற்றமாம். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு பற்றி எரிகிறது. பாரிஸில், லா சப்பலில் பதினாறு வருடமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். புஸ்பராணி கடை என்றால் தெரியாத ஆள் இல்லை. ஒவ்வொரு கோயில் தேருக்கும் கடை வாசலில் மேசை போட்டு, தேசிக்காய் பிழிந்து, சீனியும் உப்பும் போட்டுத் தண்ணீர் கரைத்து, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் கொடுப்பேன். யார் எவர் என்று கேட்டதே இல்லை. காவலுக்கு நிற்கிற பொலிஸ்காரர்கூட இரண்டாம் தரம் வாங்கிக் குடிப்பார். இதே நாட்டில்தான், அதே தண்ணீருக்காக என் தம்பியின் மனைவியைப் போட்டியிலிருந்து தூக்கினார்கள்.

அவள் பெயர் தர்மிளா. முப்பத்தாறு வயது. மார்க்ஸ் டோர்மோய் பக்கம் வீடு. என் கடைக்கு எதிரே மரக்கறிக் கடையில் காலையிலிருந்து பெட்டி இறக்குகிறாள். ஞாயிறு வந்தால் காட்டுச் சேற்றில் மோட்டார் சைக்கிள் ஓடுவாள். என் தம்பி கீர்த்தனன் ஆசைப்பட்டு வாங்கி, ஒருநாள் விழுந்து கணுக்கால் உடைந்ததும் மூலையில் சாத்திவிட்ட வண்டி அது. இவள்தான் அதைக் கழற்றிப் பூட்டி ஏறினாள். "பொம்பிளைக்கு உது தேவையோ?" என்று கடைக்கு வருகிற ஒவ்வொரு வாயும் கேட்டது. "உங்களுக்கு உது ஓடத் தெரியுமோ? தெரியாதெல்லோ? அப்ப சோத்தைச் சாப்பிட்டிட்டு எழும்புங்கோ" என்று சொல்லிவிடுவேன்.

ஜூலையில் நான்கு மணி நேரப் போட்டி. பாரிஸுக்கு வெளியே ஒரு காடு. தனி ஆளாக, ஒரே வண்டியில், நேரம் முடியும் வரைக்கும் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போன இரண்டு வருடமும் அவளால் முடிக்க முடியவில்லை. இந்த முறை முடித்து, பட்டியலில் பெயர் வந்தால் அவள் சேர்ந்திருந்த மோட்டார் சைக்கிள் சங்கத்தின் பெண்கள் அணியில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்காக ஒரு வருடம் நாய் படாத பாடு பட்டாள்.

முதல் நாள் இடியோடு மழை. போட்டியன்று முப்பத்தைந்து பாகை வெயில். ஒரு இலை அசையவில்லை, மண்ணிலிருந்து ஆவி எழும்பியது. இடியப்பம் அவிக்கிற பானைக்குள் நிற்பதுபோல் இருந்தது. சும்மா நின்ற எனக்கே உடுப்பு நனைந்துவிட்டது. அவள் தலைக்கவசம், மார்புக் கவசம், முழங்கால் வரை சப்பாத்து எல்லாம் மாட்டிக்கொண்டு சேற்றுக்குள் வண்டியைத் தூக்கித் தூக்கி ஓடினாள்.

மூன்றாம் மணித்தியாலம், முதுகுப்பையிலிருந்து வாய்க்கு வருகிற தண்ணீர்க் குழாய் கிளையில் மாட்டி அறுந்துபோனது. அடுத்த சுற்றில் ஒரே மேட்டில் இரண்டு தரம் விழுந்தாள். பார்த்துக்கொண்டு நிற்க நான் என்ன கல்லா? வளைவில் மடக்கு மேசையை விரித்தேன். தேசிக்காய், சீனி, உப்பு, ஐஸ். வந்த எல்லோருக்கும் நீட்டினேன். இருபது பேராவது குடித்திருப்பார்கள். "மெர்சி மதாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான் ஒருவன். தர்மிளாவும் குடித்தாள். ஓடி முடித்தாள். பெண்களில் மூன்றாவது! நான் காடு அதிரக் கத்தினேன்.

அரை மணி நேரத்தில் கூடாரத்துக்குக் கூப்பிட்டார்கள். ஒலிவியே என்று ஒரு அதிகாரி. வண்டியை நிறுத்திப் பெற்றோல் அடிக்கிற இடத்துக்கு வெளியே தன் ஆட்கள் யாரிடமும் உதவி வாங்கக்கூடாது, சட்டம் என்றார்.

"அப்போ மற்ற இருபது பேர்?" என்று நான் பிரெஞ்சில் பாய்ந்தேன்.

அவர்களுக்கு நான் யாரோ ஒரு பார்வையாளராம். அதனால் பிழையில்லையாம். தன்னுடைய ஆள் கொடுத்தால்தான் அது உதவியாம். கேட்டீர்களா நியாயத்தை! முன்பின் தெரியாதவனுக்குக் கொடுத்தால் தண்ணீர், சொந்தக்காரிக்குக் கொடுத்தால் குற்றம்!

மனுஷனுக்கே கூச்சமாகப் போயிருக்க வேண்டும். ஒரு தாளையும் பேனையையும் தர்மிளா பக்கம் தள்ளினார். "இந்த அம்மாவை எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நான் விட்டுவிடுகிறேன்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "எழுதடி பிள்ளை! நான் ஆரோ எண்டு எழுது. நான் கோவிக்கமாட்டன்" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

அவள் பேனையை எடுத்தாள். எட்டிப் பார்த்தேன். 'என் கணவரின் அக்கா' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். சற்று நேரத்தில் பட்டியலில் அவள் பெயருக்குக் குறுக்கே கோடு விழுந்தது.

வண்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு அவள் வான் ஓட்ட, திரும்பி வரும் வழியெல்லாம் நான் வாய் ஓயவில்லை. "விசரி! ஒரு வரி எழுதினால் முடிஞ்சிருக்குமடி! ஒரு வருசப் பாட்டைக் கொண்டுபோய்க் குப்பையிலை கொட்டிப்போட்டு வாறாய். என்னைத் தெரியாதெண்டு எழுதினால் நான் என்ன செத்தா போயிடுவன்?"

வீட்டுக்குக் கிட்ட, ஸ்டாலின்கிராட் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிறுத்தியபோதுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"மச்சாள், நான் இஞ்சை வந்து அகதி கேஸ் போடேக்கை எனக்குச் சகோதரம் ஒருத்தரும் இல்லையெண்டு எழுதினனான். அப்பிடி எழுதினால்தான் சரிவரும் எண்டு ஏஜென்சிக்காரன் சொன்னவன். பிறகு கலியாணத்துக்கு அண்ணையைக் கூப்பிட விசா கேட்டம். உமக்குத்தான் அண்ணையே இல்லையே எண்டு அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினவை."

விளக்கு பச்சையானது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். அவள் வானை எடுக்கவில்லை.

"அண்ணை இண்டைக்கும் போனிலை கேக்கிறார், என்னை ஏன் பிள்ளை எழுதேல்லை எண்டு."