தருமலிங்கம் அண்ணையும் வடகடல் பறவையும்

மத்தியானச் சமையல் முடிந்து பாத்திரங்கள் குவிந்து கிடந்த நேரத்தில் ஹோட்டல் குசினித் தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார்கள். நெஞ்சு நோகிறதென்று காலையில் நாங்கள் கொண்டுபோய் விட்ட தருமலிங்கம் அண்ணை இறந்துவிட்டாராம். சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்கள். பதில் எனக்குத் தெரியும். ஆனால் விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

லுசேர்ணில் அவருடன் பழகிய உங்களுக்கு அவர் 'லும்மெ அண்ணை'. அந்தப் பட்டத்தை வைத்தவன் நான்தான். இரண்டு வேலை நேரங்களுக்கும் நடுவில் கிடைக்கும் ஓய்வில் நாங்கள் சீட்டாடுவோம், அவர் தொலைக்காட்சி பார்ப்பார். ஒருநாள் வடதுருவக் கடற்பறவை ஒன்றைக் காட்டினார்கள். கறுத்த முதுகு, வெள்ளை வயிறு. ஜெர்மன் மொழியில் அதன் பெயர் லும்மெ. அன்றோடு மனிதருக்கு அந்தப் பறவைப் பித்துப் பிடித்துவிட்டது. எங்களோடு வேலை செய்த றோஸ்மரி தன் வீட்டிலிருந்த பறவைப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை அகராதியும் கையுமாக வாசித்தார் அண்ணை.

"கூடு கட்டாதாம் தம்பி. செங்குத்தான பாறையிலை, வெறுங்கல்லிலை ஒரே ஒரு முட்டை. பக்கத்திலை பக்கத்திலை ஆயிரம் சோடி இடிபட்டுக்கொண்டு நிக்கும். எண்டாலும் தன்ரை முட்டை எதெண்டு அதுக்குத் தெரியும்" என்பார், கிழங்கு உரித்தபடி.

"அப்ப எங்கடை அறை மாதிரித்தான் அண்ணை" என்பேன். ஒரே அறையில் நாலு பேர் படுத்திருந்தோம். அவர் சிரிக்கமாட்டார். பறவை விஷயத்தில் பகிடி அவருக்குப் பிடிக்காது.

அவருடைய ஒரே மகன் கண்ணன் அப்போது ஊரில் தாயோடு இருந்தான். ஆமி பெடியன்களைச் சந்திக்குச் சந்தி மறித்துப் பிடித்துக்கொண்டு போன காலம் அது. களவாக ஆள் கொண்டுவரும் ஏஜென்சி மூலம் கூப்பிடுங்கள் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். வழியில் ஏதாவது நடந்துவிடும் என்று பயந்து, விசா வரட்டும், விசா வரட்டும் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "செட்டை முளைக்க முதலே குஞ்சு பாறையிலை இருந்து குதிக்குதடா. கீழ கடலிலை தேப்பன் நிண்டு கூப்பிடும். அவ்வளவு பறவை கத்தேக்கையும் தேப்பன்ரை குரல் அதுக்குத் தெரியும். அந்தக் குரலை நம்பித்தான் குதிக்குது." அடுத்த கிழமையே ஏஜென்சிக்காரனைப் பிடித்தார்.

எங்கள் ஆட்களின் வாய் சும்மா இருக்குமா? தகப்பன் இங்கே இருப்பதாகச் சொன்னால் இருவருடைய அகதி வழக்கும் பழுதாகிவிடும், இரண்டு பேரையும் சேர்த்து விமானம் ஏற்றிவிடுவார்கள் என்று ஆளுக்காள் சொன்னார்கள். ஒருவருக்கும் சட்டம் தெரியாது. ஆனால் எல்லோரிடமும் யாரோ ஒருவருடைய கதை இருந்தது. வழியில் கண்ணன் பெர்லினிலிருந்து தொலைபேசி எடுத்தபோது நான் அண்ணைக்குப் பக்கத்தில் நின்றேன். "இஞ்சை வந்து விசாரணையிலை கேட்டால் அப்பா செத்துப்போனார் எண்டு சொல்லு மோனை" என்றார். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எல்லை தாண்டி இங்கே வந்ததும் அகதி விசாரணையில் பையன் அப்படியே சொன்னான். இந்த நாட்டில் யாரும் இல்லாதவன் என்று அவனை ஜெனீவாவுக்கு அனுப்பினார்கள். இருவருக்கும் லீவு ஒத்துவரும் நாட்களில் நடுவழியில் பேர்ணில் சந்தித்துக்கொள்வார்கள். ஒருமுறை அங்கிருந்து திரும்பிய அண்ணை, மேல்சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். ஸ்டேஷனில் தெரிந்த தமிழர் ஒருவர் எதிர்ப்பட்டாராம். பையன் சட்டென்று, "ஊர்க்கார அண்ணை" என்று இவரை அறிமுகப்படுத்தினானாம்.

"நல்லாப் பழகியிட்டான்" என்றார். பிறகு, "குஞ்சோடை கடலுக்குப் போன பிறகு தேப்பனுக்கும் செட்டை கொட்டிப்போகும். பறக்க ஏலாது. எண்டாலும் மீன் பிடிச்சுக் குடுத்து, பக்கத்திலை நீந்தி நீந்திக் கூட்டிக்கொண்டு போகும். நான் கூப்பிட்டுப்போட்டுச் சும்மா நிண்டிட்டன்" என்றார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

அதிகாரிகளிடம் உண்மையைச் சொல்லித் திருத்தலாம் என்று றோஸ்மரி எத்தனையோ தரம் சொன்னார். அண்ணையைப் பயம் விடவில்லை. அந்தப் பயத்தை ஊட்டிய எங்கள் ஆட்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை.

நான் செய்தி சொன்னதும் கண்ணன் அடுத்த ரயிலில் வந்தான். ஆஸ்பத்திரியில், உடலை வைத்திருந்த அறை வாசலில் ஒரு தாதி எங்களை மறித்து, நீங்கள் அவருக்கு என்ன முறை என்று கேட்டார். நான் நண்பன் என்றேன். கண்ணன் மூடியிருந்த கதவைப் பார்த்தான். பிறகு, பிரெஞ்சு கலந்த அரைகுறை ஜெர்மனில், "மகன்" என்றான்.

தாதி ஒரு கடதாசியும் கேட்கவில்லை. அவனுடைய கையைப் பிடித்து அனுதாபம் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. நான் வெளியே நின்றுகொண்டேன். உள்ளே அவன் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டது தாழ்வாரம் முழுக்கக் கேட்டது.

என் மகள் இன்னும் ஊரில்தான் இருக்கிறாள். ஒருநாள் அவளும் வருவாள். யார் என்ன சொல்லிப் பயமுறுத்தினாலும், அப்பா லுசேர்ணில் இருக்கிறார் என்று அவளைச் சொல்லச் சொல்லுவேன். தருமலிங்கம் அண்ணையிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது.