ஐஸுக்குள் புதைத்த ஊசி

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தமும் குறைந்துபோகும். எனக்கும் பாலாவி ஊர்க்காரர் பளீலுக்கும் ஒரே வருத்தம், ஒரே கிளினிக். இரத்தம் ஊற வைக்கும் ஊசியை அவர்தான் முதலில் போடத் தொடங்கினார். கொஞ்ச நாளில் அவர் மாடிப்படி ஏறினார். நான் எங்கள் ஊர் உச்சமுனையில் என் தோணிக்குள் ஏறவே மூச்சு வாங்கினேன். அவருடைய சிவந்த நகங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

ஒருவழியாக எனக்கும் ஊசி கிடைத்தது. குளிரில் வைக்கச் சொன்னார்கள். வீட்டில் ஃபிரிஜ் இல்லை. மீனை வைப்பதுபோல ஐஸுக்குள் நன்றாகப் புதைத்துக் கொண்டுபோனேன்.

தாதி அதைத் தூக்கிப் பார்த்தார். “உறைஞ்சு போச்சு ஐயா. இனி இது வேலை செய்யாது.”

‘நானா’ என்று என்னை அண்ணன் முறை சொல்லும் பளீல் சிரித்துவிட்டார். “என்ன நானா, ஊசியையும் பாரை மீன் மாதிரி பொதச்சிட்டீங்களா?”

அவரை அடிக்கலாம் போலிருந்தது. அவரோ பக்கத்தில் வந்து, “அடுத்த ஊசிய என்ட ஃபிரிஜ்ல வைங்க. ரெண்டையும் நானே கொண்டு வாறேன்” என்றார். சரி என்று தலையை ஆட்டினேன்.

இப்போது தோணியில் ஏற எனக்கு யாரும் கைகொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் கிளினிக்கில் உட்கார்ந்ததும் என் கண் முதலில் போவது பளீலின் நகங்கள் மேல்தான். அவை இன்னும் என்னுடையதைவிடச் சிவப்பு.