புது மோட்டாருக்கு எவ்வளவு பாரம்?

சிவசமுத்திரத்திலிருந்து கரண்டு வந்த புதிதில், ஊரிகம் தங்கச் சுரங்கத்து ஸ்டாம்பு மில்லுக்கு ஒரு மோட்டார் பூட்டினார்கள். தங்கக் கல்லை இடிக்கும் இரும்பு உலக்கைகளை அதுவரை நீராவி இஞ்சின்தான் தூக்கியது. பாய்லருக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த என்னை மோட்டாருக்கு மாற்றினார்கள். என் பழைய இடத்துக்கு அன்றைக்கே வேறு ஆள் வந்துவிட்டான். மோட்டார் தேறாவிட்டால் எனக்கு வேலையும் இல்லை, கம்பெனி கொடுத்த லைன் வீடும் இல்லை.

சோதனை நாளில் இஞ்சினியர் துரை மோட்டார் அறையில் மீட்டரைப் பார்த்தார். பிறகு சுவருக்கு அந்தப்பக்கம் மில்லுக்குள் போய், எத்தனை உலக்கை ஓடுகிறது, என்ன எடை, எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று பார்த்து வந்து கணக்குப் போட்டார். உள்ளே போகிற மின்சாரத்தில் எத்தனை பங்கு வேலையாக வெளியே வருகிறதோ, அதுதான் எபிஷியன்சி. நூற்றுக்கு அறுபதைத் தாண்டவில்லை.

"இவ்வளவுதான் இழுக்குமா? திருப்பி அனுப்பிடலாம்" என்று முணுமுணுத்தார்.

 எனக்கு ஒன்று உறுத்தியது. மில் முழுசாக ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலே காதில் விழாது. துரை முணுமுணுத்தது எனக்கு எப்படிக் கேட்டது?

உள்ளே ஓடினேன். மூன்றில் இரண்டு பங்கு உலக்கைகளைத் தூக்கி, முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார் மில் மேஸ்திரி சின்னப்பன்.

"இன்னா மேஸ்திரி இது?"

"புது மாட்டுக்கு மொத நாளே முழு பாரம் வெப்பாங்களா? மெரண்டு பூடும்பா. உன் பொழப்பாச்சேன்னுதான் பாத்து வெச்சேன்."

ஆற்காட்டில் ஏர் ஓட்டிய மனுஷன். கோபப்படவும் முடியவில்லை. நின்றவை பழுதுக்காக நிற்கின்றன என்று நினைத்திருந்த துரையிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் இறக்கு" என்றார்.

உலக்கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கூரைத் தகரம் அதிர்ந்தது, பெல்ட் விறைத்தது. சாமியை வேண்டிக்கொண்டு நின்றேன். மறுபடி கணக்குப் போட்டபோது எண்பதைத் தொட்டது. பெல்ட்டும் பேரிங்கும் மோட்டாரின் சூடும் தின்பது, பாரம் குறைந்தாலும் பெரிதாகக் குறையாது. லோடு குறைந்தால் அந்தத் தண்டச்செலவுதான் பெரிதாகத் தெரியும்.

வெளியே வந்ததும் துரைக்கு உற்சாகம். "பாரம் ஏத்தினா நல்லா வேலை செய்யுது. இனி ஒரு ஆளே ரெண்டு உலக்கை வரிசைக்குக் கல் தள்ளலாமே?" என்றார் சின்னப்பனிடம்.

"மோட்டாருக்கு இடுப்பு நோவாது தொரெ. எங்க ஆளுங்களுக்கு நோவும்."

 துரை அந்தப் பேச்சை அதன்பிறகு எடுக்கவே இல்லை.

மோட்டார் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, யாராவது எபிஷியன்சி இவ்வளவு என்று சொன்னால், எந்த லோடில் எடுத்தது என்று முதலில் கேளுங்கள். மனுஷனுக்கு மட்டும் அந்தக் கணக்கைப் போடாதீர்கள்.